பெனிட்டோவின் பிளாஸ்டிக் புழு

மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் மன்னிக்கிற ரகம் இல்லை. பெனிட்டோவும் இல்லை. அதனால்தான் அவன் கதையை நானே சொல்ல உட்கார்ந்தேன். வேறு யாராவது சொன்னால் கடைசியில் அவனைத் திருத்தி, நல்லவனாக்கி, சஜினைக் கட்டிப்பிடிக்க வைத்துவிடுவார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

பெனிட்டோ குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஏசி டெக்னீஷியன். வெயில் கொளுத்துகிற மொட்டை மாடிகளில்தான் அவனுக்கு வேலை. ஊரில் இருந்தவரை அப்பனோடு வள்ளத்தில் போய்க் கைத்தூண்டில் போட்டவன். கம்பு கிடையாது, சக்கரம் கிடையாது. நூலை விரலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரிய மீன் நூலை இழுத்த இழுப்பில் அவனுடைய வலது சுட்டுவிரலில் ஒரு தழும்பு விழுந்திருக்கிறது. கோபம் வந்தால் பேச மாட்டான், அந்தத் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருப்பான்.

அவன் தங்கை ஜினி துபாயில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அதே கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன், பெயர் சுகிர்தராணி. நானும் அவர்கள் கடற்கரைதான், ஆனால் வேறு ஊர், வேறு கோயில் பங்கு. நாங்கள் ஐந்து பெண்கள் அஜ்மானிலிருந்து ஒரே வண்டியில் டூட்டிக்குப் போய்வருகிறோம். நாங்கள் இருவர், இரண்டு மலையாளிகள், ஒரு பிலிப்பைன்ஸ்காரி. மாதக் காசு வாங்கிக்கொண்டு இப்படிப் பல பேரை ஏற்றிப்போகிற வண்டி, கல்ஃபில் இருக்கிறவர்களிடம் கார் லிஃப்ட் என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டாம். ஓட்டுகிறவர் ஹஸ்னைன் பாய், சியால்கோட்காரர், பேரன் பேத்தி கண்ட மனிதர். தாடி முழுக்க வெள்ளை. நாங்கள் டூட்டி முடிந்து களைத்துத் தூங்கினால் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு மெதுவாக ஓட்டுவார்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் சஜின் கை வைத்தான்.

சஜின் அவர்கள் ஊர்க்காரன்தான். மீன்பிடி போட்டு முதலாளி மகன், துபாய் தேராவில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் நல்ல வேலை. அவன் தம்பிக்கு ஜினியைக் கேட்டு வந்தார்கள். தம்பி காலையிலேயே குடிக்கிற ஆள், ஜினியின் அம்மா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரி, பெண் கேட்பதும் மறுப்பதும் எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். பிறகு வேறு ஊரில் நல்ல இடம் ஒன்று அமைந்து, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிறவரைக்கும் வந்துவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன், ஊர் வழக்கப்படி, கல்ஃபில் இருக்கும் பெண்ணின் ஊர்க்காரன் யாரென்று தேடிப் பிடித்து சஜினிடம் போனில் விசாரித்தார்.

சஜின் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஒண்ணும் கெடுத்துச் சொல்லல்ல மாமா. டெய்லி ஒரே ஆளுக்க காரிலதான் போறா, வாறா. இருட்டின பெறவுதான் கொண்டு எறக்கி விடுகான். கண்ணால கண்டதாக்கும்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை பாருங்கள். ஒரே ஆளுடைய கார்தான், டெய்லிதான், இருட்டின பிறகுதான். கூட நான்கு பெண்கள் இருந்ததையும், ஓட்டுகிறவர் தாத்தா என்பதையும் மட்டும் முழுங்கிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் அதையே காரணமாகச் சொல்ல, அந்த வாரமே கல்யாணம் நின்றது. ஜினியின் அம்மா இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா? அந்தக் காரில் நானும்தானே போகிறேன்! அவன் அவளை மட்டுமா சொன்னான்?

பெனிட்டோ அன்றைக்கே சஜின் ரூமுக்குக் கிளம்பினான். ஜினி வாசலை மறித்து நின்றாள்.

"நீ கைய நீட்டினா போலீஸ் வரும். விசா போவும், ரெண்டாளுக்க சம்பளத்தில ஒண்ணு போவும். அவன் இருந்து சிரிப்பான். அதா வேணும் ஒனக்கு?"

அவன் நின்றுவிட்டான். தழும்பைத் தேய்த்தான். கல்ஃபில் இது ஒரு கொடுமை. ஊரில் நாலு அறையோடு தீர்கிற விஷயத்துக்கு இங்கே வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

அந்த வழியை சஜினே காட்டிக்கொடுத்தான். ஊரில் கடலில் கால் நனைக்காதவன், இங்கே வந்து விலையுயர்ந்த தூண்டில் கம்பு வாங்கி, ஹம்ரியா பக்கத்து அலைத்தடுப்புக் கற்களில் நின்று மீன் பிடிப்பான். இரை போட்டு அல்ல, பிளாஸ்டிக் புழு போட்டு. பிடித்த மீனைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்து ஊர் வாட்சாப் குழுவில் போடுவான். ஊரில் இருக்கிற பெரிசுகள் எல்லாம் "நம்ம ஊரு ரத்தம் லேய் ரத்தம்" என்று பாராட்டுவார்கள். ஒருநாள் குரல் பதிவு ஒன்று வந்தது. அந்தக் கல்லுக்கடியில் ஒரு பெரிய கலவா இருக்கிறதாம். இங்கே ஹமூர் என்கிறார்களே, அதுதான். எத்தனையோ தடவை நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் அதைக் கையில் தூக்கிக்காட்டுவானாம்.

"அந்த மீன நான் எடுக்கப் போறேன்," என்றான் பெனிட்டோ.

"நீ மீனு பிடிச்சா எனக்க பேரு திரும்பி வருமா அண்ணே?" என்றாள் ஜினி.

"வராது. ஆனா அவனுக்க மூஞ்சி எப்பிடிப் போவுதுன்னு பாக்கணும் எனக்கு."

ஜினிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதலில் அவன் தெரிந்த வித்தையையே காட்டினான். கணவாய்த் துண்டு, மத்தி, கைத்தூண்டில். இரை தரை தொடுவதற்குள் கெளிறும் பொடி மீன்களும் பிய்த்துத் தின்றுவிட்டுப் போயின. கல்லுக்கடியில் இருந்த மகராசா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எவனைப் பழிவாங்கப் போகிறானோ அவன் ஆயுதத்தையே எடுத்தால்தான் வேலை நடக்கும் என்று புரிய அவனுக்குச் சில வாரம் பிடித்தது. தேராவில் ஒரு கடையில் போய் ஒரு கம்பும் ஒரு பாக்கெட் புழுவும் வாங்கிவந்தான்.

ஊதா நிறத்தில், விரல் நீளத்துக்கு மேல், வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தால் பெருஞ்சீரக வாசனை.

"லேய், இதில இறைச்சிக் கறிக்க மணம்லா அடிக்குது! கலவா என்ன, ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கா வருது?" என்றான்.

ஊர் வழக்கப்படி தூண்டிலை இறக்குமுன் இரைக்கு மேல் சிலுவை போடுவான். பிளாஸ்டிக்குக்குச் சிலுவை போடலாமா என்று அவனுக்கு ஒரு சங்கடம். கடைசியில் கம்புக்குப் போட்டான்.

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. சஜினிடமா கேட்க முடியும்? யூடியூபில் ஒரு அமெரிக்கக்காரனைப் பிடித்தான். அவன் ஏதோ ஏரியில் படகில் நின்றுகொண்டு பாஸ் என்று ஒரு மீனைப் பிடிக்கிறான். நம் கடலில் இல்லாத மீன், அவன் பேசுவதும் பெனிட்டோவுக்குப் பாதிதான் புரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடியில் ஏசி நிழலில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு அவன் கைகளை மட்டும் பார்ப்பானாம். "சாதி வேறயானாலும் சொபாவம் கலவாக்கதுதான் அக்கா," என்று என்னிடம் சொன்னான். "மறஞ்சு கெடப்பான். வாயைத் தொறந்து உள்ள உறிஞ்சுவான். பிடிக்கல்லன்னா துப்புவான்."

புழுவைக் கோக்கிற விதமே வேறு. நம் தூண்டிலில் முள் வெளியே தெரியும். இதில் கொக்கியின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும், அப்போதுதான் கல்லில் மாட்டாது. முன்னால் ஒரு சின்ன ஈயக்குண்டு. எறிந்து, தரை தொடவிட்டு, கம்பின் நுனியைக் கொஞ்சம் தூக்கி, மறுபடி விழவிட வேண்டும். விழும்போதுதான் மீன் எடுக்கும். எடுப்பது பெரிய இழுப்பாகவும் இருக்காது, நகத்தால் சுண்டினது போல ஒரு தட்டு.

பெனிட்டோ தோற்றது இங்கேதான். விரலில் தட்டினதும் வெடுக்கென்று இழுக்கிற கை அது. கைத்தூண்டில்காரனுக்கு அந்த வேகம்தான் சோறு போட்டது. இங்கே அப்படி இழுத்தால் முள் இன்னும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருக்கும், மீன் வாயில் ஏறாது. வால் கடிபட்ட புழு மட்டும் பறந்து வரும். ஜினியும் நானும் லீவு நாட்களில் கூடப்போய் உட்கார்ந்திருப்போம். தட்டு, வெடுக்கு, மொட்டைப் புழு. மறுபடி தட்டு, வெடுக்கு, மொட்டைப் புழு. வெயில் காலம் முழுக்க இதே கூத்து. கல்லில் உட்கார்ந்தால் பின்பக்கம் வெந்துவிடும்.

"கைய வெட்டிப் போடணும் போல இருக்கு," என்றான் ஒருநாள். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "நான் நெனைக்கதுக்கு முன்ன கை இழுக்குது அக்கா."

அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். தட்டு விழுந்ததும் கம்பைத் தாழ்த்தி, தொங்கும் நூலைச் சுற்றிக்கொண்டே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வது, பிறகு இழுப்பது. முழு ஜெபமும் சொன்னால் மீன் துப்பிவிடுகிறது என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்தினான். பழிவாங்கப் போகிறவன் மாதாவைக் கணக்குக்குக் கூப்பிடுவது சரியா என்று ஜினி கேட்டாள். மாதாவுக்கும் பெண் பிள்ளையின் பேர் கெட்டால் என்னவென்று தெரியும் என்றான் அவன்.

பாதி ஜெபத்தில் முதல் மீன் ஏறியது. உள்ளங்கை அளவு கலவாக்குட்டி. முத்தம் கொடுத்துத் திருப்பி விட்டான். அதன் பிறகு ஏறிக்கொண்டே இருந்தது. கம்பைப் பிடித்த கையாலேயே நூலையும் சுட்டுவிரலில் தொட்டுக்கொள்வான். தழும்பு பட்ட விரல்தான். சஜினின் விலையுயர்ந்த கம்பு சொல்லாததை அந்த விரல் அவனுக்குச் சொன்னது.

கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஐந்து பேருக்கும் அன்றைக்கு மட்டும் காலை டூட்டி. மதியம் முடிந்ததும் அண்ணனுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஜினி சொல்ல, ஹஸ்னைன் பாய் முகம் சுளிக்காமல் வண்டியை ஹம்ரியா பக்கம் திருப்பினார். யூனிபார்மோடு எல்லோரும் இறங்கிக் கை கால் நீட்டினோம்.

சஜினும் அங்கே இருந்தான், கொஞ்சம் தள்ளி, கூலிங் கிளாசும் தொப்பியுமாக. எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல நின்றான். பெனிட்டோவிடம் மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"லே ஏசிக்காரா, மீனுக்கு ஏசி கேஸ் அடிக்கவா வந்தே?"

பெனிட்டோ திரும்பவில்லை. புழுவைக் கல்லின் விளிம்பில் போட்டு விழவிட்டான். தூக்கினான், விழவிட்டான். அவன் கம்பு தாழ்ந்ததைப் பார்த்தேன், உதடு அசைந்ததையும் பார்த்தேன். பாதி ஜெபம் முடிந்த இடத்தில் உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தான்.

கம்பு வில்லாய் வளைந்தது. கலவா கல்லுக்குள் பாய்ந்தால் கதை முடிந்தது. சஜினிடம் எப்போதும் அப்படித்தான் தப்பியது. பெனிட்டோ ஒரு முழம்கூட நூல் விடவில்லை. பாசி வழுக்கும் கல்லில் பின்பக்கமாகவே இரண்டு அடி வைத்தான், முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. ஹஸ்னைன் பாய் அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு "ஜோர் லகாவ் பேட்டா!" பலமாக இழு மகனே என்று கத்தினார். கடைசியில் இரண்டு கல்லுக்கு நடுவில் தேங்கிய தண்ணீருக்குள் அது வந்து விழுந்தது. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி, தலை மட்டுமே என் தலையளவு. பெனிட்டோ அதன் கீழுதட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சஜின் கல்லுக்குக் கல் தாவி ஓடிவந்தான். மீனின் வாயோரத்தில் துருப்பிடித்த பழைய கொக்கி ஒன்று, சிவப்புப் பூச்சோடு.

"எனக்க கொக்கி... எனக்க மீனாக்கும் இது," என்றான். குரல் உடைந்திருந்தது. "பெனிட்டோ, மக்கா, ஒரு போட்டோ மட்டும். நான் தூக்கிப் பிடிச்சு ஒரே ஒரு போட்டோ. கொடியேத்தத்துக்குக் காட்டுவேன்னு ஊரு பூரா சொல்லியாச்சு."

இதற்காகத்தானே பெனிட்டோ அந்த வெயில் முழுக்க வெந்தான்! அவன் பார்க்க ஆசைப்பட்ட மூஞ்சி எதிரிலேயே நின்றது. அவன் வாயைத் திறப்பதற்குள் ஜினி முன்னால் வந்தாள்.

"தாறோம் சஜின் அண்ணே," என்றாள், அவ்வளவு மரியாதையாக. "மீனையே தாறோம். நீரே பிடிச்சதாச் சொல்லும். அதுக்கு முன்ன எங்கள ஒரு போட்டோ எடுத்து, ஒம்ம போனிலயிருந்து ஊர்க் குழுவில போடணும்."

பெனிட்டோ அவளை முறைத்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஐந்து பேரையும் வண்டிக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினாள். ஹஸ்னைன் பாயைத் தொப்பியைச் சரிசெய்யச் சொல்லி நடுவில் நிறுத்தினாள். வண்டிக் கதவைத் திறந்து ஏழு சீட்டும் தெரிகிறமாதிரி வைத்தாள். பெனிட்டோ மீனைத் தூக்கிக்கொண்டு, படத்தில் விழாத ஓரத்தில் வந்து நின்றான்.

சஜின் எடுத்தான்.

"இனி கீழ எழுதும். இதுதான் ஜினி டெய்லி டூட்டிக்குப் போற கார். இவருதான் அந்த ஆளு. இவங்கதான் கூடப் போறவங்க. எழுதியாச்சா?"

சஜினின் விரல் நின்றது. "இத எதுக்கு நான் எழுதணும்?"

"கண்ணால கண்டத சொல்லுகவர்லா நீரு. இதையும் கண்டீருல்லா?"

மீன் பெனிட்டோவின் கையில் ஒரு துள்ளு துள்ளியது. சஜின் மீனைப் பார்த்தான், போனைப் பார்த்தான். அவன் மனசு எனக்கு அப்படியே தெரிந்தது. இப்போது போட்டுவிட்டு மீன் கைக்கு வந்ததும் அழித்துவிடலாம் என்று நினைக்கிறான். எழுதினான், அனுப்பினான்.

பெனிட்டோ மீனை மறுபடி தண்ணீரில் வைத்தான். "குடு," என்றான் சஜின். "கொஞ்சம் பொறும், மூச்சு வாங்கட்டு," என்றாள் ஜினி, அண்ணன் பக்கத்தில் போய்க் குனிந்து உட்கார்ந்து. பெனிட்டோவின் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. நான் எடுத்துப் பார்த்தேன். முதலில் யாரோ அத்தை: 'இவ்வளவு பேரா போறாவ?' அப்புறம் ஒரு பெரியவர்: 'சஜினே, நீ வேற மாதிரில்லா சொன்ன?' அதற்குக் கீழே மாப்பிள்ளை ஊருக்கு ஒருவன் அதை அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தான். கடைசியில் ஜினியின் அம்மா குரல் பதிவு போட்டிருந்தாள், அழுகையில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன், சஜின் காதில் விழட்டும் என்று இன்னும் சத்தமாக. எனக்கு இனித்தது. இப்போது சொல்லும்போதும் இனிக்கிறது.

சஜின் முகம் சுண்டிப்போனது. அவசரமாகப் போனைத் தட்டினான். அழிக்கிறான் என்று தெரிந்தது. அழித்து என்ன செய்ய, வெள்ளம் தலைக்கு மேல் போயாச்சு.

"மீன குடு," என்றான், இப்போது கெஞ்சலாக. "சொன்னியே, தாறேன்னு."

"பொய் சொன்னேன்," என்றாள் ஜினி. "ஒமக்கு மட்டுந்தான் வருமா?"

அண்ணனின் கை மேல் தன் கையை வைத்தாள். பெனிட்டோ ஒரு நிமிடம் அந்த மீனைப் பார்த்தான். அவனுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். விரலை விட்டான். கலவா வாலை ஒரு அடி அடித்துக் கல்லுக்கடியில் போய்விட்டது. சஜின் கட்டின துணியோடு தண்ணீரில் விழுந்து கையால் துழாவினான். தொப்பி மிதந்தது. அவனைத் தூக்கிவிட யாரும் கை நீட்டவில்லை, நானும்தான்.

"மூஞ்சியப் பாத்தியா அண்ணே? போதுமா?" என்று கேட்டாள் ஜினி.

"போதும்," என்றான் அவன். பிறகு கிழிந்த முழங்காலைப் பார்த்துவிட்டு, "ஒரு துண்டு கறிக்காவது எடுத்திருக்கலாம் மக்களே," என்றான் தங்கையிடம்.

எல்லோரும் வண்டியில் ஏறினோம். அன்றைக்குப் பெனிட்டோவையும் சேர்த்து ஆறு பேர். ஷார்ஜா போய்ச் சேருமுன் ஜினியின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் காட்டினாள், மாப்பிள்ளையின் அம்மா. மறுபடி பேச்சை எடுக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. பெனிட்டோ முன் சீட்டிலிருந்து திரும்பி, "எடு மக்களே, எடு," என்றான். அவன் முகத்தில் ஒரு ஆசை இருந்தது. சத்தியமாக, எனக்கும் இருந்தது.

"விசாரிக்கணும்னா இனி அந்த ஆளுகிட்டயே விசாரிக்கட்டு," என்று ஜினி போனை ஸ்பீக்கரில் போட்டு, முன்னால் நீட்டி, ஹஸ்னைன் பாயின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"பாய், ஆப் பாத் கரோ," நீங்களே பேசுங்கள் என்றாள்.

பாய் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், எந்தப் புது சவாரியிடமும் கேட்பது போலவே, எங்கே போக வேண்டும் என்று கேட்டார்:

"ஹலோ, கார் லிஃப்ட். கஹான் ஜானா ஹை?"

எதிர்ப்பக்கம் போனை வைத்த சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது.